கார்பரேட்டரில் வழண்ட ஸ்க்ரூ, வராத ஜெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகை விதி வந்தபிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் கிடையாது. ஆனால் சேலத்துத் தெருக்களில் ஆர்எக்ஸ் 100, சாமுராய், பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏற்காட்டு எஸ்டேட் வண்டிகளைக் கேட்கவே வேண்டாம். கார்பரேட்டரை வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்ய உட்காருகிறவர்கள் ஜெட் (பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளைத் துளை), ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) என்று போவதற்கு முன்பே, அடியில் பெட்ரோல் நிற்கிற கிண்ணமான பவுலின் ஸ்க்ரூவில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஸ்க்ரூக்களைப் பற்றி என்னிடம் வருகிற கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். முழு ரீபில்டும் எப்படிச் செய்வது என்பது இதில் இல்லை.

புது ஸ்டார் திருப்புளிதான் வாங்கினேன். ஆனாலும் நழுவுகிறது. ஸ்க்ரூ மட்டமா, திருப்புளி மட்டமா?

இரண்டும் மட்டமில்லாமல் இருக்கலாம். ஜோடிதான் சேரவில்லை.

கடையில் ஸ்டார் என்று கேட்டால் கொடுப்பது ஃபிலிப்ஸ் முனை. 1930-களில் அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் பரப்பிய வடிவம் அது. மிகுனியும் கெய்ஹினும் ஜப்பான் கம்பெனிகள். அவர்கள் வடிவமைத்த கார்பரேட்டர்களில், குறிப்பாக எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவற்றில், இருப்பது ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பான் அளவு ஸ்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஃபிலிப்ஸ் முனை குழியின் அடியை முதலில் தொட்டு நின்றுவிடும், பக்கச் சுவர்களில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வெளியே வரும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான்கு மூலையிலும் கொஞ்சம் இரும்பைச் சுரண்டிக்கொண்டு வரும். இரண்டு முறை நழுவினால் குழி வட்டமாகிவிடும்.

ஸ்க்ரூ தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பான் அளவு. புள்ளி இல்லை என்பதற்காக ஃபிலிப்ஸ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வெஸ்ஸல் போன்ற ஜப்பான் திருப்புளி ஒன்று, 2-ம் நம்பர், வாங்கி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பவுலில் வருகிற எம் 4 (4 மில்லிமீட்டர் தடிமன்) ஸ்க்ரூவுக்கு 2-ம் நம்பர்தான் சரி. கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று 1-ம் நம்பரைப் போட்டு வழட்டியவற்றைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஜப்பான் திருப்புளி உடனே கிடைக்காவிட்டால், விலை குறைந்த 2-ம் நம்பர் பிட் ஒன்றின் நுனியை மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். அடியில் முட்டாமல் ஆழமாக உட்காரும். கார்பரேட்டரைக் கவிழ்த்து வைத்து, திருப்புளியைக் குழியில் நிறுத்திக் கையை எடுங்கள். ஆடாமல் செங்குத்தாக நின்றால் அதுதான் அதற்குரிய திருப்புளி.

சரி, திருப்புளி கிடைத்துவிட்டது. திருப்பலாமா?

இன்னும் இல்லை. பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். குழிக்குள் பழைய பெட்ரோல் பிசினும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். அதை ஊக்கு முனையால் கிளறி எடுத்து, கார்ப் கிளீனரோ தின்னரோ போட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல திருப்புளி வைத்தாலும் முக்கால் ஆழத்துக்குத்தான் போகும்.

கார்பரேட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பக் கூடாது. ஒரு மரக்கட்டையில், பவுல் மேலே பார்க்கிற மாதிரி, உடம்பு முழுக்கத் தாங்குகிறபடி உட்கார வைக்க வேண்டும். திருப்புளியின் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. தேங்காய் உடைக்கிற அடி வேண்டாம், சுக்கு தட்டுகிற அடி போதும். மரையில் பிடித்திருக்கும் உப்பு அதில்தான் விரிசல் விடும். அப்புறம் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு கழற்றுகிற பக்கம். உங்கள் பலத்தில் முக்கால் பங்கு கீழே அழுத்துவதற்கு, மீதிதான் திருப்புவதற்கு.

சரியாக வந்தால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். கேட்காமல் முனை மேலே ஏறுகிற உணர்வு கையில் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை முயன்று பார்ப்போம் என்கிற அந்த இன்னொரு தடவையில்தான் தலை போகிறது.

எங்கள் வண்டி ஏற்காட்டில் நிற்கிறது. கீழே இருக்கிற வண்டிகளைவிட எங்களுக்கு மட்டும் ஏன் ஸ்க்ரூ இப்படிப் பிடிக்கிறது?

ஈரம். ஸ்க்ரூ இரும்பு, கார்பரேட்டர் உடம்பு அலுமினியமோ துத்தநாகக் கலவையோ. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அலுமினியமும் துத்தநாகமும் இரும்புக்காகத் தங்களைக் கரைத்துக்கொள்ளும். கரைந்தது வெள்ளைப் பொடியாக மரைக்குள் தங்கும். அந்தப் பொடி, கரைந்துபோன உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் லேசாக இறுக்கிய ஸ்க்ரூகூட வெல்டு வைத்ததுபோல நிற்கிறது. ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வருஷத்தில் பல மாதம் எதுவுமே சரியாகக் காய்வதில்லை. காபித் தோட்டத்து ஷெட்டில் நிற்கிற வண்டிக்குப் பனி நேராக உள்ளேயே வந்துவிடும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தினமும் ஓடுகிற வண்டியில் அது தெரியாது. இரண்டு மூன்று மாதம் நிற்கிற வண்டியில் பவுலின் அடியில் நீர் தங்கி, உள்ளேயும் வெள்ளைப் பொடி பூத்துவிடும். ஸ்க்ரூவின் நுனி வெளியே எட்டிப் பார்க்கிற துளைகளில் பொடி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொடி இருந்தால், அன்றைக்கே கழற்ற வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

எந்த எண்ணெய் போடலாம்? தேங்காய் எண்ணெய் போதுமா?

தேங்காய் எண்ணெய் மரைக்குள் இறங்காது. டபிள்யூ.டி. 40 கிடைத்தால் போடலாம், துருவை இளக்குவதற்கென்றே வருகிற ஸ்ப்ரேக்கள் அதைவிட நல்லது. கையில் எதுவும் இல்லையென்றால் கியர் ஆயிலையும் தின்னரையும் கலந்து சொட்டு விடுங்கள். தின்னர் இழுத்துக்கொண்டு உள்ளே போகும், ஆயில் தங்கும். தலைப் பக்கம் மட்டும் விட்டால் போதாது, மரையின் மறுபக்கம் திறந்திருந்தால் அங்கேயும் விட வேண்டும். ராத்திரி விட்டுக் காலையில் பார்ப்பது உத்தமம்.

ஒரு எச்சரிக்கை: பல்சர், கிளாசிக் போன்றவற்றில் வந்த வேக்கும் கார்பரேட்டரின் மேல் மூடிக்குக் கீழே டயாஃப்ரம் என்கிற மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கிறது. ஸ்ப்ரே பட்டால் அது உப்பி, மடிந்து, திரும்ப உட்காராது. மேல் மூடி ஸ்க்ரூவுக்கு எண்ணெய் விடுவதாக இருந்தால் குச்சி நுனியால் தொட்டு வையுங்கள்.

சூடு பண்ணலாமா?

பண்ணலாம், பண்ணத்தான் வேண்டும். ஆனால் நெருப்புக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பெட்ரோல் வடித்த கார்பரேட்டரிலும் ஆவி இருக்கும். அதோடு, துத்தநாகக் கலவை 400 டிகிரிக்கும் கீழேயே உருகிவிடும். கேஸ் டார்ச் அதைத் தாண்டச் சில நொடி போதும்.

அலுமினியமும் துத்தநாகக் கலவையும் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துளை பெரிதாகும், ஸ்க்ரூ அந்த அளவுக்குப் பெரிதாகாது. இந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். எனக்குப் பிடித்த வழி வெந்நீர். ஃப்ளோட், நீடில், ரப்பர், வெளியே எடுக்க முடிந்த பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இனிமேல் சமையலுக்குப் போகாத ஒரு பாத்திரத்தில் கொதிக்கிற நீரில் ஐந்து பத்து நிமிடம் போடுங்கள். நீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, ஏற்காட்டு உயரத்தில் 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும். எந்த உலோகத்துக்கும் அதில் ஆபத்து இல்லை. இடுக்கியால் எடுத்து, தடிமனான துணியில் பிடித்து, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். வரவில்லையென்றால் எண்ணெய் விட்டு ஆற விட்டு, மறுபடியும் நீரில் போடுங்கள். ஆறும்போது மரை எண்ணெயை உள்ளே இழுக்கும்.

பவுல் இன்னும் கழலவே இல்லை, ஃப்ளோட் உள்ளேயே இருக்கிறது என்றால் வெந்நீர் வேண்டாம். சால்டரிங் அயர்ன் இருந்தால் அதன் முனையைப் பெட்ரோல் வாடை போனபிறகு, காற்றோட்டமான இடத்தில், ஸ்க்ரூ தலையிலேயே இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். இதில் ஸ்க்ரூ விரிந்து சுருங்கும், பொடி நொறுங்கும்.

இம்பேக்ட் டிரைவர் அடிக்கலாமா? எஞ்சின் கவருக்கு அருமையாக வேலை செய்கிறது.

எஞ்சின் கவருக்குப் பின்னால் கிலோக்கணக்கில் உலோகம் இருக்கிறது. பவுல் ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருப்பது, ஸ்க்ரூ ஏறுவதற்காக உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சுண்டு விரல் அகலக் காது ஒன்றுதான். சுத்தியலால் அடிக்கிற இம்பேக்ட் டிரைவரைப் பெரிய சுத்தியலோடு இதில் பயன்படுத்தினால் காது பிளக்கும், அதுவும் துத்தநாகக் கலவை என்றால் எச்சரிக்கை இல்லாமலேயே பிளக்கும். எது எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் கையில் தூக்கிப் பாருங்கள். துத்தநாகக் கலவை அதே அளவு அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம்.

கைப்பிடி வழியாகக் கம்பி முழுசாகப் போகிற திருப்புளி கிடைக்கிறது, கழுத்தில் ஸ்பேனர் போட அறுகோணமும் இருக்கும். ஒரு கையால் ஸ்பேனரைப் பிடித்துக் கழற்றுகிற பக்கம் லேசாக இழுத்துக்கொண்டே, மறு கையால் திருப்புளித் தலையில் தட்டுங்கள். இம்பேக்ட் டிரைவர் செய்வதும் இதைத்தான், அளவு மட்டும் நம் கையில் இருக்கிறது.

அண்ணா, தலை வழண்டே போச்சு. வட்டக் குழிதான் மிச்சம். இப்போ என்ன பண்றது?

தம்பி, முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஸ்க்ரூ போனது போனதுதான். சில ரூபாய்ப் பொருள். இனிமேல் அதைக் காப்பாற்ற நினைத்துச் செய்கிற ஒவ்வொரு வேலையும் உடம்பைத்தான் கெடுக்கும். ஒரிஜினல் மிகுனி உடம்புக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குழி பாதி இருக்கிறது என்றால் வால்வு கிரைண்டிங் பேஸ்டைத் திருப்புளி முனையில் தொட்டு ஒரு முறை முயலலாம். மணல் துகள் பிடிமானம் கொடுக்கும். ரப்பர் பேண்ட் வைத்துத் திருப்பச் சொல்வார்கள், கதவுக் கீல் ஸ்க்ரூவுக்குச் சரி, உப்புப் பிடித்த ஸ்க்ரூவுக்கு அது விளையாட்டு.

குழி முழுக்கப் போய்விட்டதென்றால், தலை உருண்டையாக மேலே துருத்திக்கொண்டிருக்கும் வகையில் கிரிப் பிளேயர் நேராகப் பிடிக்கும். பிளேயரின் பற்கள் தேய்ந்திருக்கக் கூடாது. இறுக்கிப் பூட்டி, மெதுவாக, உலுக்காமல் திருப்புங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே வந்துவிடும். பிளேயர் நுழைய இடமில்லையென்றால் ஆக்ஸா பிளேடால் தலையின் குறுக்கே ஒரு கோடு அறுத்து மைனஸ் திருப்புளி போடலாம். காது அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகர டப்பாவில் வெட்டிய துண்டை அடியில் செருகிக்கொண்டு அறுங்கள்.

ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டைக் குழியில் அடித்து ஏற்றித் திருப்புகிறவர்களும் உண்டு. அலுமினிய உடம்பில், கட்டையில் நன்றாகத் தாங்கிக்கொண்டு என்றால் சரி. துத்தநாகத்தில் நான் செய்ய மாட்டேன்.

எதுவும் பிடிக்கவில்லை. தலையை டிரில் போட்டு எடுக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

இதற்குப் பயப்பட வேண்டியதே இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பத்திரமான வழி இதுதான், பலர் கடைசியில் வருகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பவுல் ஸ்க்ரூ இறுகி நிற்பதற்கு மரையில் பிடித்த உப்பு ஒரு காரணம், தலை பவுலை அமுக்கிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். தலை போய்விட்டால் அந்த அமுக்கம் உடனே போய்விடும். பவுலைத் தூக்கினால், பவுலின் காது எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளத்துக்கு ஸ்க்ரூவின் தண்டு குட்டிக் கம்பமாக வெளியே நிற்கும். அதைக் கிரிப் பிளேயரால் பிடித்துத் திருப்பினால், அரை மணி நேரம் அழ வைத்த அதே ஸ்க்ரூ பெரும்பாலும் விரல் பலத்திலேயே வரும்.

செய்முறை இப்படி. வழண்ட குழி வட்டமாக இருப்பதால் நடுவைத் தேட வேண்டியதில்லை, டிரில் பிட் தானாக உட்காரும். முதலில் 2.5 மில்லிமீட்டர் பிட்டால் தலையின் ஆழத்துக்கு மட்டும் வழி போடுங்கள். பிறகு எம் 4 ஸ்க்ரூவுக்கு 4 மில்லிமீட்டர் பிட். வேகம் குறைவாக, ஒரு சொட்டு எண்ணெயோடு. சுருள் சுருளாக இரும்பு வரும். தண்டும் தலையும் சேருகிற இடத்தைப் பிட் எட்டியதும் தலை ஒரு மோதிரம்போலக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். அங்கே நிறுத்த வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் இரண்டு மில்லிமீட்டர் போனால் தண்டு பலவீனமாகி, பிளேயரில் பிடிக்கும்போது முறியும்.

நான்கு ஸ்க்ரூவில் ஒன்று மட்டும் வழண்டிருந்தால், மற்ற மூன்றையும் முதலில் கழற்றிவிட்டு இதற்கு வாருங்கள். கையில் பிடிக்கிற டிரில்லைவிட டிரில் ஸ்டாண்டு நல்லது. கார்பரேட்டரின் வாய் இரண்டையும், எல்லாத் துளைகளையும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகிற பைலட் வழியில் ஒரு இரும்புத் தூள் போனால் ஸ்க்ரூ எடுத்த சந்தோஷம் ஐடிலிங்கில் போய்விடும்.

தண்டு உள்ளேயே முறிந்துவிட்டது. ஈஸி அவுட் போடலாமா?

ஈஸி அவுட் என்பது முறிந்த ஸ்க்ரூவில் துளை போட்டு, அதற்குள் ஏற்றித் திருப்பி எடுக்கிற கருவி. எம் 4-க்கு வேண்டாம் என்றே சொல்வேன். அந்த அளவுக்கு வருகிற ஈஸி அவுட் குச்சிபோல இருக்கும், கடினமான எஃகு, வளையாது, படீரென்று முறியும். முறிந்தது உள்ளே நின்றுவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கிற ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கிற இடத்தைத் தேட வேண்டும்.

அதற்குப் பதில் இடது சுற்று டிரில் பிட் வாங்குங்கள், டிரில்லை ரிவர்ஸில் ஓட்டுங்கள். முறிந்த முகத்தை முதலில் சமமாக்கி, சென்டர் பஞ்ச் நடுவில் விழ வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு குத்துங்கள். நடு தவறினால் பிட் மிருதுவான உலோகத்தின் பக்கம் சரிந்து, இரும்பை விட்டுவிட்டு உடம்பைத் தின்னும். 2 அல்லது 2.5 மில்லிமீட்டரில் இறங்கும்போதே சூட்டிலும் இடது இழுப்பிலும் பல தடவை துண்டு தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் 3.3 வரை பெரிதாக்குங்கள், அது எம் 4 மரைக்கு டேப் (மரை வெட்டுகிற கருவி) போடுகிற துளை அளவு. மரைக்குள் மெல்லிய சுருள்போல இரும்பு மிச்சமிருக்கும். அதை ஊசி முனையால் இழுத்துவிட்டு எம் 4 டேப்பை மெதுவாக ஓட்டினால் பழைய மரையே கிடைக்கும்.

மெயின் ஜெட் வந்துவிட்டது, பைலட் ஜெட் வரவில்லை. வெட்டின் ஒரு பக்கம் உடைந்துவிட்டது.

ஜெட் பித்தளை, ஸ்க்ரூவுக்கு நேர் எதிர்க் குணம். துரு பிடிக்காது, ஆனால் மிருதுவாக இருப்பதால் தப்பான திருப்புளிக்கு ஒரே திருப்பில் உடையும். ஆப்பு மாதிரி சரிந்த முனை கொண்ட மைனஸ் திருப்புளி வெட்டின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும். முனையின் இரண்டு முகமும் இணையாக, வெட்டின் அகலத்துக்கும் நீளத்துக்கும் முழுசாக நிரம்புகிற மாதிரி அரத்தில் தேய்த்துத் தயார் செய்த திருப்புளி ஒன்று பைலட் ஜெட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அது இறங்குகிற குழாயின் சுவரிலும் உரசக் கூடாது.

உடைந்துவிட்டால் முதலில் வெந்நீர் வைத்தியம், அப்புறம் கார்ப் கிளீனரில் ஊறல். பிசின்தான் பித்தளை ஜெட்டைப் பிடித்திருக்கும், அது கரையும். அதற்கும் வரவில்லையென்றால் ஜெட்டின் துளைக்குள், நான்கு விளிம்பு உள்ள கூம்பு ஒன்றை லேசாகத் தட்டி ஏற்றித் திருப்பலாம். பித்தளை மிருது என்பதால் விளிம்பு கடிக்கும், பெரிய பலம் தேவைப்படாது. ஸ்க்ரூவுக்கு ஈஸி அவுட் வேண்டாம் என்ற நானே ஜெட்டுக்கு அந்த யோசனைக்குச் சம்மதிப்பது இதனால்தான்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் கையில் இருக்கிற செதுக்குளி எந்தப் பைக் மெக்கானிக்கிடமும் இருக்காது. அப்படி ஒரு கொலுசுப் பட்டறையில், உடைந்த பைலட் ஜெட்டில் புது வெட்டு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கண்ணில் லென்ஸ், உளியின் பிடி உள்ளங்கைக்குள், கட்டைவிரல் கார்பரேட்டர் சுவரில் ஊன்றியிருக்கும். உளி ஒரு இழை பித்தளையைத் தள்ளும், ஊதுவார், மறுபடியும் ஒரு இழை. பழைய வெட்டுக்குக் குறுக்கே புது வெட்டு விழுந்தது. ஜெட் அடுத்த திருப்பில் வந்தது. டிரில் மெஷினை எடுத்திருந்தால் ஜெட்டின் அடியில் இருக்கும் வழியும் சேர்ந்து போயிருக்கும். ஜெட் விஷயத்தில் டிரில் கடைசிக்கும் கடைசி.

ஏர் ஸ்க்ரூ திரும்பவே இல்லை. ஏற்காடு போயிருந்தபோது ஒருவர் திருகிப் பார்த்தார்.

இது எனக்கு அடிக்கடி வருகிற கதை. சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1500 மீட்டரில். மேலே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிவு, பெட்ரோல் அளவு மட்டும் அதேதான். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது வண்டி திணறுவது இயல்பு. உடனே ஏரிக்கரையில் நிறுத்தி, சாவிக்கொத்தில் இருக்கிற ஏதோ ஒரு முனையை வைத்து ஸ்க்ரூவைத் திருகுவது, கீழே இறங்கியதும் எத்தனை சுற்று என்று மறந்துபோவது, அதை ஈடுகட்ட அடிவரைக்கும் இறுக்குவது. இறுக்கியதில் ஊசி முனை துளைக்குள் போய் ஆப்பு வைத்துக்கொள்ளும். ஒரு நாள் சவாரிக்குத் திருகாமலேயே இருந்திருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: பலம் போடாதீர்கள். அந்த ஊசி முனை உள்ளே முறிந்தால் பைலட் வழியே அடைந்துவிடும், அது பவுல் ஸ்க்ரூ முறிவதைவிடப் பெரிய வினை. மறுபக்கத்துத் துளையிலிருந்து, வேக்கும் கார்பரேட்டரில் வாய்ப் பக்கத்திலிருந்து, எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். வெந்நீரில் போடுங்கள். அப்புறம் வெட்டை நிரப்புகிற திருப்புளியால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சிறு சிறு அசைவு. அசைந்ததும் அடிவரை மெதுவாக உட்கார வைத்து எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓரிங் வரிசையாக இருக்கலாம். ஓரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

காற்று வழியைத் திறந்து மூடுகிற பட்டர்ஃப்ளை தகட்டின் இரண்டு குட்டி ஸ்க்ரூவும் வரவில்லை.

வரக் கூடாது என்றுதான் அதன் பின்முனையைக் கம்பெனியிலேயே தட்டி விரித்திருக்கிறார்கள். கழன்றால் நேராக எஞ்சினுக்குள் போகும். தகட்டைத் தாங்குகிற தண்டு ஆடவில்லை, காற்று கசியவில்லை என்றால் தொடாமல் விடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் விரித்த முனையைச் சின்ன அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். திரும்பப் போடும்போது புது ஸ்க்ரூ, திரெட் லாக்கர், முனையை மறுபடி விரிப்பது மூன்றும் வேண்டும்.

படிகாரக் கரைசலில் போட்டால் இரும்பு மட்டும் கரையுமாமே? கோக், வினிகர்?

கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் பழைய உத்தி அது, பித்தளைக்குள் முறிந்த எஃகு ஸ்க்ரூவுக்குச் சரியாக வேலை செய்யும். துத்தநாக உடம்புள்ள கார்பரேட்டரை அதில் போட்டால் உடம்பும் சேர்ந்து அரிக்கும். கோக், வினிகர், புளி எல்லாம் அமிலம்தான், அதே கதைதான்.

ஸ்க்ரூ வந்துவிட்டது, ஆனால் கூடவே மரையும் வந்துவிட்டது.

ஸ்க்ரூ நுனியில் வெள்ளி நிறத்தில் கம்பிச் சுருள்போல ஒட்டியிருந்தால் அது உடம்பின் மரை. துளையின் அடியில் இன்னும் இரண்டு மரை நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்பரேட்டர்களில் ஸ்க்ரூவைவிடத் துளை ஆழமாக இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் நீளமான ஸ்க்ரூ போட்டாலே பிடித்துவிடும். அடியில் முட்டுகிறதா என்று மட்டும் பவுல் இல்லாமல் ஒரு தடவை கையால் திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது முடியாவிட்டால் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் வைக்கிற கம்பிச் சுருள். எம் 4 அளவுக்குக் கிடைக்கிறது, லேத் பட்டறையில் போட்டுக்கொடுப்பார்கள். காதில் சதை இருந்தால் 4.2 துளை போட்டு எம் 5 டேப் ஓட்டுவது மலிவு. ஆனால் பவுலின் துளையையும் பெரிதாக்க வேண்டிவரும், ஒரு பக்கம் பெரிய ஸ்க்ரூ மறுபக்கம் சின்ன ஸ்க்ரூ என்று பார்க்கவும் நன்றாக இருக்காது. எம்-சீல் வைத்து ஸ்க்ரூவை நட்டுவிடுகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கார்பரேட்டரை அடுத்தவருக்கு விற்க வேண்டாம்.

திரும்பப் போடும்போது எல்லாவற்றையும் எஸ்.எஸ். ஆலன் போல்ட்டாக மாற்றிவிடலாமா?

இரும்பாலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். போடலாம், எல் கீ நழுவாது, அடுத்த முறை கழற்றுவது எளிது. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதே தவிர, அலுமினியத்தோடும் துத்தநாகத்தோடும் ஈரத்தில் சேர்ந்தால் அவற்றை அரிப்பது அதனாலும் நடக்கும். அதனால் மரையில் ஒரு பொட்டு ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை), இல்லாவிட்டால் கிரீஸாவது தடவ வேண்டும். இரண்டாவது, எல் கீயின் நீண்ட கால் கையில் இருந்தால் யாருக்கும் இறுக்குகிற அளவு தெரிவதில்லை. எம் 4-க்கு இரண்டு நியூட்டன் மீட்டர் அளவே தாராளம். எல் கீயின் குட்டைக் காலை விரலால் பிடித்து இறுக்கினால் அந்த அளவில் நிற்கும். பெட்ரோல் கசிந்தால் மேலும் இறுக்காதீர்கள், கேஸ்கெட்டை மாற்றுங்கள். பழைய ஸ்க்ரூவில் ஸ்பிரிங் வாஷர் இருந்தால் புதிதுக்கும் போடுங்கள், நீளமும் அதேதானா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் தோற்றம் வேண்டும் என்கிற ஆர்எக்ஸ் ஆட்கள் புது ஜப்பான் ஸ்டார் ஸ்க்ரூவே போடலாம், ஒன்றும் தப்பில்லை. சரியான திருப்புளியும் கூடவே இருக்க வேண்டும். அடுத்த சர்வீஸுக்கு வண்டியைக் கொடுக்கும்போது அந்தத் திருப்புளியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மெக்கானிக் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பவுல் வந்துவிட்டது. ஃப்ளோட் பின்னும் பிடித்திருக்கிறது, தட்டி எடுக்கலாமா?

பின்னின் ஒரு முனை சற்றுத் தடித்திருக்கும். மெலிந்த முனையிலிருந்து தடித்த பக்கமாக மட்டும்தான் தள்ள வேண்டும். எண்ணெய் விட்டு ஊறிய பிறகு, எதிர்ப்பக்கத் தூணைக் குறட்டாலோ கட்டையாலோ தாங்கிக்கொண்டு மெல்லிய ஆணியால் அழுத்துங்கள், தட்டாதீர்கள். அந்தத் தூண் உடம்போடு சேர்த்து வார்த்தது, ஒடிந்தால் ஒட்டுவதற்கு வழி இல்லை. இரண்டு நாள் ஊறியும் அசையவில்லையென்றால் சால்டரிங் அயர்னைத் தூணில் தொடாமல் பின்னில் மட்டும் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் ஃப்ளோட் என்றால் முனை அதில் படாமல் ஒரு தகரத் துண்டை நடுவில் வையுங்கள்.